பின்சீட்டுப் பேச்சு

எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றால் என் போன் தமிழ்நாட்டில் இருக்கும். காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினால் கர்நாடகத்துக்குப் போய்விடும். சும்மாவும் போகாது. கர்நாடகம் உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று ஒரு செய்தி வரும். துணியை மடித்துக்கொண்டு கீழே இறங்கினால் தமிழ்நாடு திரும்பவும் வரவேற்கும். ஓசூரை ஒட்டி மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிக்குக் குடிவந்த இந்தப் பதினாறு வருஷத்தில் என்னை இத்தனை தடவை வரவேற்றது அந்த இரண்டு டவர்களும்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு லீவில் போனால், "எப்ப வந்த?" என்று கேட்ட வாய் மூடுவதற்குள் "எப்பப் போற?" என்று கேட்பார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அப்படிக் கேட்பது பிரியத்தில்தான் என்று எனக்குத் தெரியும்.

தெற்கேயிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் வருஷம் எல்லாமே வேடிக்கைதான். ஊரில் ஆடிக்காற்றில் புழுதி பறக்கும் நாளில் இங்கே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்போம். டீக்கடைக்காரர் வந்தவரிடம் தெலுங்கில் பேசுவார், பால்காரரிடம் கன்னடத்தில் பேசுவார், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தன் தம்பியைத் தமிழில் ஏசுவார். நாங்கள் வந்த வருஷம் யுகாதி அன்று காலையில் வீட்டு ஓனரம்மா ஒரு கிண்ணத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டுவந்து நீட்டினார். வேப்பம்பூவைக் கண்டதும் என் மனைவி செல்வி இரண்டடி பின்னால் போய், "யாருக்கும்மா அம்மை போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அந்தம்மா பண்டிகைச் சேலையோடு அப்படியே நின்றார். கசப்பும் இனிப்புமாகத் தின்று வருஷத்தைத் தொடங்குவது இங்கே வழக்கம் என்பது எங்களுக்கு யார் சொல்லித் தெரியும்? அன்றைக்கு நாங்கள் தின்றதில் கசப்புதான் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த வருஷம் எங்கள் மகள் பிறந்தாள். இசக்கிப்பிரியா. முன்பாதி எங்கள் குலதெய்வத்தின் பெயர், பின்பாதி செல்வி ஆசைப்பட்டு வைத்தது. ஊரில் அவள் இசக்கி, ஓசூரில் பிரியா. இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்திருப்பாள். வாங்கிக்கொடுத்த கடலைமிட்டாய் கடையிலிருந்து வீடுவரை வந்து சேர்ந்ததில்லை. வருஷத்துக்கு நான்கு ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைப்பாள். கோபம் வந்தால் முதலில் கை நீளும், பிறகுதான் அழுகை வரும். அவள் கைக்கும் மூளைக்கும் நடுவில் கேட் போட மறந்துவிட்டார்கள் என்று செல்வி சொல்லுவாள்.

தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். பைக்கில் இருபது நிமிஷம். ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பாள். யார் யாரோடு சண்டை, கணக்கு டீச்சர் என்ன சேலை, தான் யாரைக் கிள்ளினாள், ஏன் பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்தார்கள், எல்லாம் வரும். அவள் செய்த சேட்டைகள் முக்கால்வாசி எனக்கு அப்படித்தான் தெரியவரும். ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்காது, லாரி ஹாரனில் இன்னும் கொஞ்சம் போய்விடும். நான் "ம்" போட்டுக்கொண்டே ஓட்டுவேன். தப்பான இடத்தில் "ம்" போட்டால் முதுகில் ஒரு குத்து விழும்.

ஏழாம் வகுப்பில் எல்லையைத் தாண்டிப் பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். சின்ன வயசு டாக்டர், கன்னட வாடை அடிக்கும் தமிழில் பேசினார். ஏ.டி.எச்.டி. என்றார். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, கவனமும் பொறுமையும் அவளுக்குச் சட்டென்று கைகொடுப்பதில்லை என்று விளக்கினார். மாத்திரை, தூக்கம், அன்றாட ஒழுங்கு எல்லாம் சொன்னார். என் மனதில் கிடந்த பயத்தை நான் கேட்காமலே எடுத்து வெளியில் வைத்தார். "இந்த மாதிரிப் பசங்கள்ல சில பேரு பெரிசானா பொய், திருட்டு, அடிதடின்னு போறது உண்டு சார். எல்லாரும் போறதில்ல. அப்படிப் போகாம புடிச்சு நிறுத்தற விஷயங்களும் இருக்கு" என்றவர், "ஸ்கூல்ல தப்பு பண்ணா அவளாவே வந்து உங்ககிட்ட சொல்றாளா?" என்று கேட்டார்.

"அதான் டாக்டர் வியாதியே. வாயே மூட மாட்டா. அதுக்கும் சேத்து ஒரு மாத்திர எழுதிக் குடுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்தார். பிரியாவும் கூடச் சிரித்தாள். "அது வியாதி இல்ல சார். மத்த எதத் தொலச்சாலும் அதத் தொலச்சுடாதீங்க" என்றார். அவரும் என்னைப் போலக் கிண்டலாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பிரியாவும் கரும்புச்சாறு குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

எனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்கு ஒரு தம்பி இருந்தான், சுடலைமுத்து. இன்றைக்குப் பிரியாவைப் பார்க்கும்போது அவனும் இப்படித்தான் இருந்திருக்கிறான் என்று தெரிகிறது. அப்போது அதற்கெல்லாம் பெயர் கிடையாது. அவனுக்குப் பன்னிரண்டு வயசில், பக்கத்துப் புஞ்சைக்காரர் பம்புசெட் அறையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து, வழியில் கண்ட நட்டையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, எங்கேயோ போட்டுவிட்டு வந்தான். எங்கள் ஊரில் பிள்ளை தப்புச் செய்தால், பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தப்பு வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது நான். பதினாறு வயசில் எனக்கு நல்லபிள்ளை என்று பேர் வாங்கும் ஆசை இருந்தது. அப்பா அடித்த அடியைவிட, "களவாணிப்பய" என்று தெரு வைத்த பெயர்தான் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யார் வீட்டில் எது காணாமல் போனாலும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவன் வீட்டில் பேசுவதை விட்டான். இரண்டு வருஷம் கழித்து நிஜமாகவே ஒரு சைக்கிளைத் திருடினான். சும்மா அந்தப் பெயரைச் சுமப்பதைவிட அது அவனுக்கு லேசாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இன்றைக்கு மராட்டியத்தில் எங்கேயோ இருக்கிறான். எப்போதாவது போன் வரும், பெயர் சொல்லுவான், வைத்துவிடுவான்.

போன வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் பதினோரு சைக்கிள்களின் வால்வைக் கழற்றி யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பிரியாவின் கைநிறைய வால்வுகள் இருந்தன. ஹெச்.எம். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்கு அவருக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. "பதினோரு புள்ளைங்க அவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டுப் போகணும் சார். ஏற்கெனவே ரெண்டு கம்ப்ளெய்ன்ட் இருக்கு. இன்னொண்ணு வந்தா டி.சி.தான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். வண்டியில் ஏறியதும் பின்னாலிருந்து, "அப்பா, என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடு. ஒரு வார்த்த பேசக்கூடாது."

பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது கியர் செய்யும் ஒரு கம்பெனியில், தர ஆய்வில். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் வொய்-வொய் ஷீட் தெரியும். ஒரு பாகம் பழுதாக வந்தால் ஏன் என்று கேட்டு எழுத வேண்டும், அந்தப் பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும், இப்படி ஐந்து தடவை. கடைசியில் மூலகாரணம் என்று ஒரு கட்டம், தீர்வு என்று ஒரு கட்டம். இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பழுது நடந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்காமல் எழுதக் கூடாது. மூலகாரணத்தில் ஆளுடைய பெயரை எழுதவே கூடாது. யாராவது ஆபரேட்டர் பெயரை எழுதிக் கொண்டுபோனால் எங்கள் மேனேஜர் அந்தத் தாளை நம் கண்முன்னாலேயே கிழிப்பார். நானே புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் என் மகளுக்கு ஒரு வொய்-வொய் ஷீட் போட்டேன். சிரிக்காதீர்கள், எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஏன் காற்றைப் பிடுங்கினாள்? சும்மா இருக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? பயம் இல்லை. இப்படியே ஐந்தையும் நானே கேட்டு நானே பதில் எழுதினேன். மூலகாரணம் என்ற கட்டத்தில் கை தானாக எழுதியது: இசக்கிப்பிரியா. தீர்வு என்ற கட்டத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. மடித்து டி.வி.க்குக் கீழே செருகிவிட்டு எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் டப்பாவுக்கு மேலே அந்தத் தாள் இருந்தது. காலையில் ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடும்போது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. காலியாக இருந்த கட்டத்தை மட்டும் அவளுடைய கோணல் எழுத்தில் நிரப்பியிருந்தாள். தீர்வு: டி.சி. வாங்கிடலாம்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், டப்பாவைத் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. அந்தச் சாலையில் அத்தனை லாரிகள் ஓடுகின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவாள். புதன்கிழமை செல்வி அடுப்படியில் என்னை நிறுத்தினாள். "என்னங்க, பிள்ள பேசவே மாட்டேங்கா. தட்டுல போட்டத ஒரே எடத்துல உக்காந்து திங்கா. எனக்குப் பயமா இருக்கு." ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாளா என்று எட்டு வருஷமாக ஏங்கியவள், அதைச் சொல்லி அழுதாள். டாக்டர் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் பிள்ளையைப் பற்றித் தெருவே வந்து சொல்லும். சொல்லிச் சொல்லியே ஒருத்தனை ஊரைவிட்டு அனுப்பியது. இங்கே எங்களுக்கு அந்தத் தெருவும் கிடையாது. அவள் எங்கே போகிறாள், யாரோடு நிற்கிறாள் என்று வந்து சொல்ல ஒரு சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. அவளே சொன்னால்தான் உண்டு. அந்த ஒரே வழியையும் நான் என் கையால் அடைத்துவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெச்.எம்.மிடம் கேட்டுக்கொண்டு நேராகச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். வாட்ச்மேன் உத்தனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பாப்பாவா சார்?" என்றார். "கழட்டனத நான் பாக்கல. மாட்டிகினு இருந்தத பாத்தேன்."

"மாட்டுனாளா?"

"ஆமா சார். மூணு சைக்கிளுக்குத் திரும்ப மாட்டிடிச்சி. மாட்டனா மட்டும் காத்து வந்துடுமா? டயர அமுக்கி அமுக்கிப் பாத்துகினு அழுதுச்சி. மிச்சத்த கையில வெச்சிகினு இருக்கும்போதுதான் டீச்சர் வந்துட்டாங்க."

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலயா?"

"யாரும் கேக்கலயே சார்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் கேட்டேனா?

மணி அடித்ததும் பிரியா வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. இன்னொரு புகார் என்று நினைத்திருக்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டின் சிமெண்டுக் கட்டையில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவை அவளிடம் கொடுத்தேன். "அப்பா போட்ட ஷீட்டு தப்பு. இப்ப நீ எனக்குப் போடு. நீ கேளு, நான் பதில் சொல்லுதேன்."

ரொம்ப நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏன் என் பேர எழுதினீங்க?"

"கோவத்துல."

"ஏன் கோவம்?"

"ஹெச்.எம். முன்னால தலகுனிஞ்சு நின்னேன்லா."

"எல்லா அப்பாவும்தான் நிப்பாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் அவ்ளோ கோவம்?"

மூன்றாவது ஏனில் நான் மாட்டிக்கொண்டேன். அவளுக்குச் சுடலைமுத்துவை, போட்டோவில் இருக்கும் ஒரு சித்தப்பாவாக மட்டும்தான் தெரியும். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானர், அடி, தெரு வைத்த பெயர், சைக்கிள். "நீயும் அப்படி எங்கயாவது போயிருவியோன்னு நெனச்சேன்ம்மா."

"சித்தப்பா ஏன் போனாங்க?"

"அவன்கிட்ட யாரும் என்ன நடந்துச்சுன்னு கேக்கல. மொதல்ல போட்டுக்கொடுத்ததே நான்தான்."

"நீங்க ஏன் கேக்கல?"

அது தம்பியைப் பற்றிய கேள்வியா அவளைப் பற்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மூலகாரணம் என்று தானாகவே ஒரு கட்டம் வரைந்து எழுதினாள். அப்பாவுக்கு பயம்.

பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். முதல் சைக்கிளைச் சும்மாதான் தொட்டாளாம். காற்று போகிற சத்தம் நன்றாக இருந்ததாம். அடுத்தது, அடுத்தது என்று கை போய்க்கொண்டே இருந்ததாம். "பதினோராவது சைக்கிள் பவித்ராக்காதுப்பா. அவங்க பாகலூர் ரோட்டுல ரொம்ப தூரம் போவாங்க. எப்படிப் போவாங்கன்னு நெனச்சேன். அப்பத்தான் கை நின்னுச்சு." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். தப்புச் செய்தவள்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் தன் தப்பில் இன்னொருத்தி வீட்டுக்கு நடந்துபோவது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கண்ட நிமிஷத்தில் திரும்பி வரவும் முயற்சி செய்திருக்கிறாள். நான் டி.வி.க்குக் கீழே செருகிய தாளில் இது எங்கேயும் இல்லை.

"சரி, தீர்வு என்ன எழுதலாம்?" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பம்ப் வாங்கணும்ப்பா."

வாங்கினோம். சனிக்கிழமை ஹெச்.எம்.மிடம் போய், காற்றடிக்கிற பம்பை ஸ்டாண்டிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டோம். வாட்ச்மேன் பார்த்ததையும் சொன்னேன். ஹெச்.எம். பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்ப்போம்" என்றார். அன்றிலிருந்து காலை மணி அடிப்பதற்கு முன்னால் பிரியா அங்கே நின்று, காற்றுக் குறைந்த சைக்கிளுக்கு அடித்துக்கொடுக்கிறாள். கையும் காலும் சும்மா இருக்க முடியாத பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்குமா? எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் இன்னும் அவளைக் கண்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விலகிப் போகிறார்கள். பவித்ரா மட்டும் முதல் நாளே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாளாம். அக்டோபரில் ஒருத்தியை அறைந்துவிட்டு வந்தாள். மறுநாள் பைக்கில் ஏறியதும் முதல் வேலையாக அதைச் சொன்னாள், போய் மன்னிப்புக் கேட்டாள். ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைவதும் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு காலை. பனி விலகாமல் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, ஒண்ணு சொல்லணும். வண்டிய நிறுத்தாதீங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"ம்."

"டென்த் அக்காங்க ரெண்டு பேரு ரிவிஷன் டெஸ்ட் கொஸ்டின் பேப்பர ஆபீஸ் ரூம்லருந்து எடுக்கப் போறாங்களாம். என்ன வாசல்ல காவலுக்கு நிக்கச் சொன்னாங்க. இதுக்கெல்லாம் நீதான் கரெக்டான ஆளுன்னாங்க."

யார் அவர்கள் என்ற கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் என் தம்பிக்கு வைத்த பெயர் இந்தச் சாலைவரை வந்து என் மகளைக் கூப்பிடுகிறது. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு தடவை "ம்" மட்டும் போட்டேன்.

"எனக்கு உடனே சரின்னுதான் வாயில வந்துச்சுப்பா. ஜாலியா இருக்கும்ல. அப்புறம் ஏன், ஏன்னு எனக்கு நானே கேட்டுப் பாத்தேன். மூணாவதுலயே மாட்டிக்கிட்டேன். அதனால, நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

நாளைக்கு. வாங்கிய கடலைமிட்டாயை வீடுவரை கொண்டுவர முடியாத என் பிள்ளை, ஒரு காரியத்தை நாளைக்குத் தள்ளி வைத்திருக்கிறாள். ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் மறைத்தது. வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

"நாளைக்குப் போய் என்ன சொல்லப்போற?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கேன்" என்றாள். ஓசூரிலேயே பிறந்து, தெருவில் தெலுங்கும் வகுப்பில் கன்னடமும் கலந்து பேசுகிற பிள்ளை, கேக்கேன் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள்.

"நீ என்ன நெனைக்கே?"

"வேணாம்னுதான். அந்த அக்காங்களையும் வேணாம்னு சொல்லிப் பாக்கட்டா? அவங்க கேக்கலன்னா என்ன பண்றதுப்பா? அப்புறம் அந்தக் கணக்கு டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க நேத்து..."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எந்த மாநிலம் என்னை வரவேற்கிறது என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். லாரி ஹாரனில் பாதி போனது போக மீதியைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். நடுவில் எங்கேயோ தப்பான இடத்தில் "ம்" போட்டிருக்கிறேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.